செருப்புக்குப் பக்கத்தில்

இன்றைக்கும் ஒரு எலி. செத்த எலி.

படுக்கையறை வாசலில், அவளுடைய வீட்டுச் செருப்புக்குப் பக்கத்தில், யாரோ படுக்கவைத்த மாதிரி வாலை நேராக நீட்டிக்கொண்டு கிடந்தது. சற்றுத் தள்ளி மூன்று பூனைகள். அவை எலியைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

இரண்டாம் தாரமாக இந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எத்தனை எலி என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டாள்.

கணவன் பேக்கரியில் மாவு பிசைகிறவன். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவான். அவன் கிளம்பிப் போய், அவள் கண் விழிப்பதற்குள் எலி வந்து படுத்துவிடும்.

சாயங்காலம் சொன்னால் சிரித்தான்.

"பூனை இருக்கிற வீடு. எலி பிடிக்காம பின்ன என்ன பண்ணும்?"

"உங்க பூனையா? கிரீமைத் தின்னு தின்னு அதுங்களுக்கு எழுந்து நடந்தாலே மூச்சு வாங்குது. நேத்து கறுப்பி மூக்குக்கு முன்னாடி ஒரு எலி ஓடிச்சு. அது கொட்டாவி விட்டுட்டுத் திரும்பிப் படுத்துக்கிச்சு."

"அப்ப யாரு பிடிக்கிறா? பேயா?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மருந்து வெச்சுடலாமே?"

"மருந்து தின்ன எலியைத் தின்னா பூனையும் சேர்ந்து போயிடும். பொறி வெச்சா அதுங்க கால்தான் மாட்டும். அதனாலதான் பொறியைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன். குழந்தைக்குப் பூனைன்னா உயிரு."

குழந்தை என்றால் மூத்தவள் பெற்றது. எட்டு வயது. இவளிடம் ஒரு வார்த்தை பேசாது. சித்தி என்று ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. ஆனால் கறுப்பியின் காதில் மணிக்கணக்காக எதையோ கிசுகிசுக்கும். இவள் காலடிச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிடும். குழந்தையும் பூனையும் ஒன்றாகத் திரும்பிப் பார்க்கும்.

குழந்தையின் கட்டைவிரல் நகம் கன்றிக் கறுத்திருந்தது. என்னாச்சு என்று கேட்டதற்குக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டது.

கூடத்தில் ஒரு பழைய நாற்காலி. மூத்தவள் உட்கார்ந்தது. ராத்திரி ஜன்னலோரம் இருக்கும், காலையில் பரணுக்குக் கீழே நிற்கும். யார் நகர்த்தினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

மூத்தவள் செத்துவிட்டாள் என்றால் ஆவி, கீவி என்றாவது பயந்து தொலைக்கலாம். அவள் சாகவில்லை. வேறு ஒருத்தனோடு வாழப் போய்விட்டாள். தெருவுக்கே தெரிந்த சங்கதி, வீட்டுக்குள் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

அப்படியென்றால் இது யார் வேலை?

யோசிக்க யோசிக்க அவளுக்கு ஒன்று பிடிபட்டது. வந்த அன்றைக்கே காலடியில் ஓர் எலி ஓட, கட்டில்மேல் ஏறி நின்று கத்தியிருந்தாள். "எலி இருக்கிற வீட்டுல என்னால இருக்க முடியாது. நான் எங்கம்மா வீட்டுக்கே போயிடறேன்." அப்போது கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது இந்தக் குழந்தைதான். மறுநாளிலிருந்துதான் எலிகள் வர ஆரம்பித்தன.

எட்டு வயதில் இவ்வளவு விஷமா? அன்றே சத்தமில்லாமல் பெட்டியைக் கட்டினாள்.

மறுநாள் கணவன் கிளம்பியதும் தூங்குவதுபோல் படுத்திருந்தாள். கூடத்தில் நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். வெகுநேரம் கழித்துச் சமையலறையில் 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு சின்னப் பாதங்கள் வந்து அவள் கதவுக்கு வெளியே நின்றன.

கதவைத் திறந்தாள்.

குழந்தை குந்தியிருந்தது. கையில் அடுப்பங்கரை இடுக்கி. அதன் நுனியில் எலி. மூக்கைச் சுளித்துக்கொண்டு எலியின் வாலை நேராக்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் மூன்று பூனைகள், அரைவட்டமாக.

"நீதானா?" என்றாள் அவள். "நான் உன்னை என்ன பண்ணேன்? எதுக்கு என்னை இப்படி மிரட்டறே? நான் போயிடணும், அவ்வளவுதானே? இதோ பாரு, பெட்டியே கட்டிட்டேன்."

பெட்டியைப் பார்த்ததும் குழந்தையின் முகம் வெளுத்துப் போயிற்று. இடுக்கி கை நழுவி விழுந்தது.

"மிரட்டலை. செத்ததைக் கண்ணால பார்த்தாத்தான் நம்புவீங்கன்னு..."

"எதை நம்பணும்?"

"எலியெல்லாம் தீர்ந்துட்டு வருதுன்னு. பூனைங்ககிட்ட எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன், அதுங்க பிடிக்க மாட்டேங்குது. அதான் நானே பரண்லேருந்து பொறியை எடுத்து வெச்சேன். பூனை கால் மாட்டாம பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டேன்." குழந்தை ஓடிப்போய் அந்தக் கன்றிய விரலோடு பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. "இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. நாளைக்கு அதையும் பிடிச்சிடறேன். போகாதீங்க சித்தி."

அவள் அந்தக் கறுத்த நகத்தைப் பார்த்தாள்.

"எங்கம்மாவும் எலிக்குப் பயந்துதான் வீட்டை விட்டுப் போனாங்கன்னு அப்பா சொன்னாரு," என்றது குழந்தை. "அப்ப எனக்குப் பொறி வைக்கத் தெரியாது."