எண்பத்தைந்து கைகள்

அன்று தெருமுனையில் இருந்தவர்கள்: நலச் சங்கத் தலைவர், பொருளாளர், நர்ஸ், போட்டோகிராபர், தண்ணீர் லாரி டிரைவர், குடங்களோடு வந்த பெண்கள் முப்பத்தெட்டுப் பேர். ஆக நாற்பத்து மூன்று பேர். கைகள் எண்பத்தைந்து. போட்டோகிராபரின் இடது கையில் மாவுக்கட்டு. கட்டுப் போட்ட கையைப் பொருளாளர் கணக்கில் சேர்க்கவில்லை.

தலைகளை விட்டுவிட்டுக் கைகளை எண்ணியதற்குக் காரணம் உண்டு. இலவசமாக சோப்பு கொடுத்த கம்பெனி, எத்தனை கை கழுவப்பட்டது என்று எழுதித் தரச் சொல்லியிருந்தது.

"கையைச் சொன்னா தொகை ரெட்டிப்பாத் தெரியும்யா," என்று தலைவர் சிரித்தார்.

பொருளாளருக்குச் சிரிப்பு வரவில்லை. லாரியைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. கை கழுவச் சொல்லிக் கொடுக்க ஒரு லாரி தண்ணீரா? ஒரு வாளி போதாதா?

எல்லாம் அந்த நர்ஸ் செய்த வேலை.

தெருவில் ஐந்து பிள்ளைகளுக்கு வாந்தி பேதி. பம்பு கெட்டு ஒரு மாதமாகக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எல்லோரும் பக்கத்துக் குட்டையில்தான் மொண்டு வந்தார்கள். போன வாரம் சங்கக் கூட்டத்துக்கு வந்த நர்ஸ், "பம்பைச் சரி பண்ணிக் குடுங்க ஐயா," என்று கேட்டார்.

"பம்பு நம்ம தலைப்புலயே வராதும்மா," என்றார் தலைவர். "நமக்கு வந்த பணம் விழிப்புணர்வுக்கு. கை கழுவுற விழிப்புணர்வுன்னா சொல்லு, ஜமாய்ச்சுடலாம்."

நர்ஸ் தலையாட்டினார். பிறகு, "அப்ப ஒரு தண்ணி லாரி சொல்லிடுங்க," என்றார்.

"லாரியா!" என்றார் பொருளாளர்.

"போட்டோவுல தண்ணி கொட்டுறது தெரியணுமே சார். வாளியை வச்சு எடுத்தா யாரோ துணி துவைக்கிற மாதிரி இருக்கும்."

போட்டோ என்றதும் தலைவருக்கு வாயெல்லாம் பல்.

"குடிக்கிற தண்ணியாப் பார்த்துச் சொல்லுங்க," என்றார் நர்ஸ்.

"கை கழுவக் குடிதண்ணியா?"

"கண்ட தண்ணியில நுரை வராது சார். கம்பெனிக்குக் கெட்ட பேராயிடும்."

சரியான ஆடம்பரக்காரி என்று பொருளாளர் மனசுக்குள் முடிவு கட்டினார்.

இப்போது தலைவர் மைக்கைப் பிடித்தார். "கை சுத்தமா இருந்தா நோய் கிட்ட அண்டாது! என்னைப் பாருங்க. கை கழுவாம ஒரு வாய் வைக்க மாட்டேன்."

"எதுலய்யா கழுவுறது? பம்பைத்தான் மொத்தமா கை கழுவிட்டீங்களே!" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. பெண்கள் சிரித்தார்கள். தலைவருக்கு மட்டும் அது காதில் விழவில்லை.

நர்ஸ் முதலில் தாமே கழுவிக் காட்டினார். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகம். பெண்கள் வரிசையாக வந்து கழுவினார்கள். டிரைவர் கழுவினார். போட்டோகிராபர் இருந்த ஒரு கையை நீட்டினார். பொருளாளரையும் நர்ஸ் விடவில்லை.

"ஐயா, நீங்க?"

"நான் கடைசியா. முதல்ல போட்டோ!" தலைவர் சோப்பைத் தூக்கிப் பிடித்து நின்றார்.

படம் எடுத்து முடிந்ததும் நர்ஸ் லாரிப் படியில் ஏறினார். "இனிமே வீட்டுப்பாடம்! எல்லாரும் வீட்ல போய்ப் பழகணும். அதுக்குத் தண்ணி பிடிச்சுக்குங்க. பிள்ளை படுத்திருக்கிற வீட்டு அம்மாக்கள் முதல்ல வாங்க."

குழாய் திறந்தது. குடங்கள் முண்டியடித்தன.

"சிஸ்டர், வீட்டுப்பாடத்துக்கு ஒரு வீட்டுக்கு ஆறு குடமா?" பொருளாளர் பதறினார்.

"பாடம் மனசுல பதியணுமே சார்."

முதல் குடத்தை நிறைத்த பெண், இடுப்பிலிருந்து ஒரு துளி சிந்தாமல் வீட்டுக்கு ஓடினாள். வாசலில் ஒரு பிள்ளை சுருண்டு படுத்திருந்தது. அதை மடியில் தூக்கி வைத்து ஒரு தம்ளர் தண்ணீரை வாயருகே கொண்டுபோனாள்.

பொருளாளர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் வேறு பக்கம் பார்த்தார்.

"என்னய்யா, இன்னும் தண்ணி ஓடுது?" நாற்காலியில் இருந்தபடி தலைவர் கத்தினார்.

"செய்முறைப் பயிற்சிங்க ஐயா," என்றார் பொருளாளர். "நம்ம தலைப்புலதான் வருது." சொல்லிவிட்டு, தாமே குழாயைப் பிடித்து அடுத்த குடத்துக்குள் விட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு நாள்ல தீந்துடுமே சிஸ்டர். அப்புறம்?"

"பல் துலக்குற விழிப்புணர்வு வச்சிருக்கேன் சார்."

கடைசிக் குடமும் போனது. லாரி காலி. விழாவுக்கு வாங்கி வைத்திருந்த பன் ஒன்றைத் தலைவர் கையில் எடுத்தார். மைக்கில் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "ஏம்மா, கை கழுவத் தண்ணி?"

"தீந்துபோச்சுங்களே ஐயா."

"குட்டையில கிடக்குய்யா. ஒரு செம்பு மொண்டாரட்டுமா?" என்றாள் பின்வரிசைக்காரி.

தலைவர் முகத்தைச் சுளித்தார். "சீ! அந்தத் தண்ணியில எவன் கை வைப்பான்?"

பன்னைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

பொருளாளர் கம்பெனிக்குக் கணக்கு எழுதினார். மொத்தக் கைகள் எண்பத்தைந்து. கழுவியவை எண்பத்து மூன்று.

மீதி, இரண்டு.