இன்னும் கொஞ்சம் டைட்

“பிடிச்சாச்சு! கையும் ஸ்பேனருமாப் பிடிச்சாச்சு! ஏங்க, ஓடி வாங்க!”

தோசைக் கரண்டியும் கையுமாக கீதா போட்ட சத்தத்தில் லேபர் கேம்ப்பின் அந்தச் சந்தே கூடிவிட்டது. குழாயில் தண்ணீர் வரும் நேரம். அப்படியும் பெண்கள் குடத்தை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் புருஷன் இசக்கிதுரை வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றான். சந்து முனையில் நின்ற அவனுடைய ஸ்கூல் வேனுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

பக்கத்து வீட்டு சூசைமாணிக்கம்!

குழாயடிச் சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று ஒரு மாசமாகிறது. எஞ்சினுக்கு அடியில் இருக்கிற ஆயில் பேன் ஒழுக ஆரம்பித்ததும் அப்போதுதான். மெக்கானிக் பேச்சிராஜா விளிம்பில் ஒழுகாமலிருக்கப் புது ரப்பர் பேக்கிங் வைத்து மாட்டிவிட்டுப் போவான். இரண்டு நாள் சும்மா இருக்கும். மறுபடியும் சொட்டு சொட்டாக விழும்.

ஸ்கூல் வாசலெல்லாம் கறுப்புக் கறை. “திங்கட்கிழமையும் ஒழுகினால் வேறு வேன் பார்த்துக்கொள்கிறோம்” என்று நேற்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

“ஓய், போல்ட்டைக் கழத்திவிட்டு எங்க பொழப்புலயா மண்ணைப் போடுதீரு?” கீதா விடவில்லை.

முகமெல்லாம் கிரீஸோடு சூசைமாணிக்கம் வெளியே ஊர்ந்து வந்தார்.

“ஏளா, கழத்தல. டைட் பண்ணுனேன்.”

“என்னது?”

“எங்க வீட்டுப் புள்ள ஜெனியும் இந்த வண்டியிலதான போகுது? இவன் தெனமும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கத பாக்க மனசு கேக்கல. பேச்சுவார்த்தை இல்ல, எப்படிக் கேக்க? அதான் காலையில ஒருத்தருக்கும் தெரியாம வந்து, எல்லா போல்ட்டையும் இன்னும் கொஞ்சம்…”

சாயா கிளாஸோடு வேடிக்கை பார்த்த பேச்சிராஜா தலையில் அடித்துக்கொண்டான்.

“அடப் பாவி மனுசா! நான் அளவா டைட் பண்ணிட்டுப் போறேன். நீரு அதுக்கு மேல திருகுனா பேக்கிங் நசுங்காதா? பேன் விளிம்பு வளையாதா? ஒழுகத்தான் செய்யும்!”

சந்தே சிரித்தது. கீதா மட்டும் சிரிக்கவில்லை.

“நல்லாக் கேளுங்கண்ணே! மெக்கானிக் செஞ்ச வேலையில இவருக்கு என்ன கை? தெரியாத வேலையைத் தொடலாமா?”

“விடு கீதா. நல்லதுக்குத்தான செஞ்சாரு” என்றான் இசக்கிதுரை, பிரஷ்ஷை எடுத்துவிட்டு.

“டென்ஷன் வேண்டாம். இன்னைக்கு ஞாயிறுதான? விளிம்பைத் தட்டி நேராக்கி, புதுசா மாட்டித் தாரேன். நாளைக்கு ஒரு சொட்டு விழாது. ஆனா ஒருத்தரும் தொடப்பிடாது!” என்று சொல்லிக்கொண்டே பேச்சிராஜா வேனுக்கு அடியில் நுழைந்தான்.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது.

“அண்ணாச்சி, முன்பக்கத்து போல்ட்டையும் நீருதான் திருகுனீரா?”

“இல்லடே. அங்க வரைக்கும் போக என் தொப்பை விடாதே!”

“அப்ப இது யாரு வேலை? போல்ட்டுத் தலையிலெல்லாம் தோசை மாவு காஞ்சு ஒட்டியிருக்கு!”

எல்லோரும் ஒன்றாகத் திரும்பினார்கள். இசக்கிதுரையும் மெல்லத் திரும்பித் தன் பெண்டாட்டியைப் பார்த்தான்.

“மாமா, போயிராதீங்க” என்றாள் கீதா, சூசைமாணிக்கத்திடம், ஒரு மாசத்துக்கு அப்புறம் முதல் தடவையாக முறை வைத்து. “உங்களுக்கும் சேத்து ரெண்டு தோசை ஊத்துதேன்.”