இடப்பக்கக் கண்ணாடி

"இது ஆறாந்தரம்! ஒரு நட் இறுக்கத் தெரியாதெண்டால் கராஜைப் பூட்டிப்போட்டு வீட்டிலை கிட!"

இராசசிங்கம் மாஸ்ரர் தன் பழைய ஒஸ்ரின் காரின் கதவோரம், பின்னுக்குப் பார்க்கிற இடப்பக்கக் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். அது தலையைத் தொங்கப் போட்டபடி ஆடியது. ஓய்வுபெற்றுப் பத்து வருடமாகியும் மனுசனுக்கு வகுப்பறைத் தொண்டை போகவில்லை, அளவெட்டிச் சந்தி வரைக்கும் கேட்டிருக்கும்.

"வீட்டிலையிருந்து வெளிக்கிடேக்கை நல்லாத்தான் நிண்டது. சந்தைக்குள்ளை போய் மரக்கறி வாங்கிக்கொண்டு வாறதுக்கிடையிலை தொங்குது. உதுதான் நீ செய்த வேலை!"

சிவகரன் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தான். வாகனம் திருத்த வந்து காத்திருந்த இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். அவனுக்கு மானம் போனது.

"மாஸ்ரர், போன கிழமை ஸ்பிறிங் வாசர் போட்டு இறுக்கினனான். றோட்டிலை எந்தக் கிடங்குக்குள்ளை விழுந்தாலும் கழராது. ஆரோ குறடு போட்டுத் திருகியிருக்கினம். நட்டின்ரை மூலையைப் பாருங்கோ, கடிபட்டுக் கிடக்கு."

"ஆரோ? அப்ப நானே கழட்டிக்கொண்டு வாறன் எண்டுறியோ?"

"நான் சொல்லேல்லை. நீங்கள்தான் சொல்லுறியள்."

"எடேய்! வேணுமெண்டு அரைகுறையா இறுக்கி விடுறது நீ. நான் திரும்பத் திரும்ப உன்ரை வாசலுக்கு வரவேணும், பிறகு மாமா, மாமா எண்டு ஒட்டிக்கொள்ளலாம். உதுதானே யோசினை?"

ஓம், மாமனார்தான். மாஸ்ரரின் ஒரே மகள் ஷரோன் இரண்டு வருடத்துக்கு முன் சிவகரனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். உடுவிலில் பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம். மாப்பிள்ளையோ சைவம், அதிலும் கராஜ்காரன். அன்றைக்கே மாஸ்ரர் மகளைத் தலைமுழுகிவிட்டார். மனைவி சீலாவும் மகளோடு கதைக்கக்கூடாது, போகக்கூடாது, போன்கூட எடுக்கக்கூடாது.

ஆனால் அந்தக் கண்ணாடியைக் கலியாணத்துக்கு முன்பு புதிதாகக் காரில் பூட்டிக் கொடுத்தவன் சிவகரன். பூட்டினவன்தான் திருத்தவேணும் என்பது மாஸ்ரரின் நியாயம். வழியில் நாலு கராஜைத் தாண்டி, சண்டை பிடிப்பதற்கென்றே இங்கே வருவார்.

வீடு கராஜுக்குப் பின்னால். கார்ச் சத்தம் கேட்டதும் ஷரோன் எட்டு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள். சீலா காரின் இடப்பக்க ஆசனத்தில் இருந்தபடியே பார்ப்பா. இறங்கினால் மாஸ்ரர் குதிப்பார். கண்ணாடி இறுக்குகிற அந்தப் பத்து நிமிஷத்தை விட்டால், பேத்தியின் முகத்தைப் பார்க்க அவவுக்கு வேறு வழியே இல்லை.

"இண்டைக்கோடை முடிவு," என்றார் மாஸ்ரர். "ஒண்டில் இது இனிக் கழராமல் செய். இல்லாட்டி நாளைக்கே வேறை ஆளிட்டைக் குடுத்துப் புதுசு பூட்டுவன். எப்பிடியோ, இந்த வாசல் எனக்குக் கடைசி!"

சிவகரனுக்குத் தலைக்கேறியது.

"சரி, வெல்டிங் வைக்கிறன். நட்டும் போல்ட்டும் ஒண்டாகட்டும். பிறகு உங்கடை பேரப்பிள்ளை வந்தாலும் கழட்டேலாது."

பேரப்பிள்ளை என்ற சொல்லில் மாஸ்ரர் கொஞ்சம் தடுமாறினார். பிறகு முன்னையைவிடப் பலமாகக் கத்தினார். "பெயின்ற் எரிஞ்சுதெண்டால் உன்னைச் சும்மா விடமாட்டன்!"

"இஞ்சேருங்கோ, வெல்டிங் வேண்டாம்," என்று ஷரோன் ஓடி வந்தாள். "சும்மா இறுக்கிவிடுங்கோவன்."

"நீர் பேசாமல் இரும்!" என்றான் சிவகரன். "கேக்கிறது என்னைத்தானே? பொறி பறக்கும், அம்மாவை இறங்கச் சொல்லும்."

சீலா யாரும் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி நேரே போனா. ஷரோன் பிள்ளையை அவவின் கையில் வைத்தாள். பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அம்மம்மாவின் கை அதன்மேல் பட்டது.

"சீலா! ஏறும் காருக்குள்ளை!"

"நெருப்புக்குள்ளையோ ஏறச் சொல்லுறியள்?"

சிவகரன் கதவுக்கும் கண்ணாடிக்கும் ஈரச் சாக்குப் போர்த்து, நட்டில் ஒரு பொட்டு வெல்டிங் வைத்தான். வெளிச்சம் கண்ணைக் குத்த, மாஸ்ரர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். சூடு ஆறியதும் சுத்தியல் பிடியால் ஓங்கி ஒரு தட்டு. கண்ணாடி அசையவில்லை.

"பாருங்கோ. இனிச் சீவியத்துக்கும் ஆடாது."

மாஸ்ரர் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிழை ஒன்றும் பிடிக்க முடியாதது அவருக்கு இன்னும் கோபம்.

"நல்லது. இனி உன்ரை மூஞ்சியிலை முழிக்கத் தேவையில்லை," என்று ஏறிக் காரை ஸ்ராட் பண்ணி, விடாமல் கோர்ன் அடித்தார்.

ஷரோன் புருசனின் கையைப் பிடித்து உலுக்கினாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வீரம் காட்டிப்போட்டியள். இனி அம்மா என்னெண்டு வருவா?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தன் பெயரைக் காப்பாற்றுகிற அவசரத்தில் என்ன செய்துவிட்டான்! மாஸ்ரர் சொன்னால் சொன்னதுதான், இனி இந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டார். வைத்த வெல்டிங்கை இனி எடுக்கவும் முடியாது. சிவகரனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

சீலா பிள்ளையை இரண்டு கன்னத்திலும் கொஞ்சி, மகளிடம் கொடுத்துவிட்டு வந்து ஏறினா. ஒஸ்ரின் பெரிதாக இரைந்தது. மாஸ்ரர் வலப்பக்கம் தலையை நீட்டி, றிவேர்ஸ் எடுக்கப் பின்னுக்கு வழி பார்த்தார்.

சீலா சிவகரனைக் கைகாட்டிக் கூப்பிட்டா. இந்த இரண்டு வருடத்தில் அவனோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. பேச்சு வாங்கத் தயாராகி, அவன் ஜன்னலடியில் குனிந்தான்.

சீலா புருசனை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டா:

"தம்பி, மற்றப் பக்கத்துக் கண்ணாடியைக் கழட்ட எத்தினையாம் நம்பர் ஸ்பானர் வேணும்?"