நைஜீரியாவுக்கு ஒரு மடி

“போற காரணம்?” என்று கேட்டார் சுப்பராமன்.

“மடி குடுக்க” என்றார் மொக்கையன்.

டைப்ரைட்டர் மேல் இருந்த சுப்பராமனின் விரல்கள் அப்படியே நின்றன. டவுன்ஹால் ரோட்டு மாடியில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் இருபது வருஷமாக விசா ஃபாரம் நிரப்புகிறவர் அவர். சிங்கப்பூர் போகிறவன், குவைத் போகிறவன் என்று எத்தனையோ பேரிடம் காரணம் கேட்டு எழுதியிருக்கிறார். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

“எதைக் குடுக்க?”

“மடி சாமி. என் தங்கச்சி அன்னக்கொடி நைஜீரியாவுல இருக்கா. மாப்பிள்ளை அங்கிட்டு வாத்தியாரு. அவளுக்கு ஒரு பொம்பளப்பிள்ளை. காது குத்தணும்னா தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தானே குத்தணும். தாய்மாமன் நாந்தேன்.”

நியாயமான காரணம்தான். ஆனால் டெல்லியில் உட்கார்ந்திருக்கும் நைஜீரியா அதிகாரிக்கு இதை எந்த இங்கிலீஷில் சொல்வது? சுப்பராமன் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். பிறகு ‘சுற்றுலா’ என்று தட்டிவிட்டார்.

“என்னென்ன இடம் பார்க்கப் போறீர்?”

“தங்கச்சி வீடு.”

“அப்புறம்?”

“அம்புட்டுத்தேன்.”

“எத்தனை நாள்?”

“காது குத்த எம்புட்டு நேரமாகும் சாமி?”

சுப்பராமன் முப்பது நாள் என்று தாமாகவே போட்டுக்கொண்டார்.

“கூட ஒரு கெடா கொண்டுபோகலாமுங்களா?”

“ஏரோப்ளேன்லயா?”

“சரி விடுங்க, அங்கனயே வாங்கிக்கிறேன்.”

பாஸ்போர்ட் இருந்தது. போட்டோ இருந்தது. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாச்சா என்று கேட்டதற்கு, மெட்ராஸ் போய்ப் போட்டு வந்த அட்டையை எடுத்து வைத்தார் மொக்கையன். நம்புவாரோ மாட்டாரோ என்று சட்டைக் கையையும் சுருட்டிக் காட்டினார். கோச்சடைக்கு அந்தப் பக்கம் நெல் விதைக்கிற மனுஷர் இத்தனையும் தயார் செய்து வந்திருக்கிறாரே என்று சுப்பராமனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“எல்லாம் சரி. தங்கை போட்ட அழைப்புக் கடிதம் எங்கே?”

மொக்கையன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“அது இல்லீங்க.”

“இல்லைன்னா? இன்னும் வரலையா?”

“அவ கூப்பிடலை சாமி.”

சுப்பராமனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “நன்னாயிருக்கு. வெளிநாடு போனதும் கூடப் பொறந்தவன் கண்ணுக்குத் தெரியலையாக்கும். லீவுல வந்து அழகர்கோவில்ல வச்சுக் குத்தினா ஆகாதாமா? கூப்பிடாத விசேஷத்துக்கு நீர் கடல் தாண்டிப் போய் நிக்கணுமா? எல்லாம் திமிர்.”

“அவளை ஒண்ணும் சொல்லாதீங்க சாமி.”

“சொல்லாம என்ன செய்ய?”

“அவ வரமாட்டா. வரக்கூடாதுன்னு சொன்னது நாந்தேன்.” மொக்கையன் தலையைக் குனிந்துகொண்டார். “காலேசுல கூடப் படிச்சவரைக் கட்டிக்கிட்டா. வேற சாதி. ஊரே கூடி நிக்கையில, இந்த வாசப்படியை மிதிச்சா காலை வெட்டிருவேன்னுட்டேன். பத்து வருசமாச்சு. பிள்ளை பொறந்ததே அடுத்தவுக சொல்லித்தேன் தெரியும். இப்ப அவளை வாடின்னு கூப்பிட எனக்கு வாயில்லை. அதேன் நாமளே போயிருவம்னு வந்தேன்.”

சுப்பராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்ததும் வேறொரு சந்தேகம் வந்தது.

“பத்து வருஷம்னா, அந்தக் குழந்தைக்கு எப்பவோ காது குத்தியிருப்பாளே ஓய். அந்த ஊர்ல எவன் மடியாவது கிடைச்சிருக்கும்.”

“குத்தியிருந்தா, இந்தத் தோட்டைப் போட்டுப் பாத்துட்டு வந்துருவேன்” என்று வேட்டி முடிச்சைத் தொட்டுக் காட்டினார் மொக்கையன்.

கடிதம் இல்லாமல் ஃபாரம் டெல்லிக்குப் போகாது. அன்றைக்கே சுப்பராமன், மொக்கையன் விசாரித்து வைத்திருந்த விலாசத்துக்கு, பதில் ஆபீசுக்கே வரும்படி அன்னக்கொடிக்கு எழுதினார்.

“உம்ம சார்பா என்ன எழுதட்டும்?”

“மொக்கையன் மடி குடுக்க வாரான்னு எழுதுங்க. வேணாம்னா வேணாம்னு ஒரு வரி போடச் சொல்லுங்க.”

அதற்கப்புறம் வியாழக்கிழமை தவறாமல் மொக்கையன் மாடியேறி வந்தார். “சார், மடி வந்தாச்சு” என்று ஆபீசில் சிரிப்பார்கள். சுப்பராமன் உதட்டைப் பிதுக்குவார். வந்தவர் வந்த வழியே படியிறங்கிப் போவார். ஆறு வியாழக்கிழமை இப்படியே போனதும், அந்தப் பெண்ணுக்குக் கல்நெஞ்சுதான் என்று சுப்பராமன் முடிவே கட்டிவிட்டார்.

ஏழாவது வியாழக்கிழமை கவர் வந்திருந்தது. மொக்கையன் அதைக் கையால் வாங்கவில்லை.

“நீங்களே படிங்க சாமி.”

உள்ளே இரண்டு தாள்கள். ஒன்று இங்கிலீஷில் டைப் அடித்து முத்திரை குத்திய அழைப்புக் கடிதம்.

“நீர் வரலாமாம். தங்கறது, சாப்பாடு எல்லாம் அவா பொறுப்பாம்.”

“அது சர்க்காருக்கு எழுதுனது. எனக்கு என்ன எழுதியிருக்கா?”

இன்னொன்று கையால் எழுதிய தமிழ்த் தாள், நாலே வரி. சுப்பராமன் படிக்கத் தொடங்கி, நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“அண்ணே, பிள்ளைக்கு ஒன்பது வயசு நடக்குது. இன்னும் காது குத்தலை. ஏன் தோடு போடலைன்னு கேக்குறவகளுக்கு, எங்க மாமா மடி வரணும்னு அவளே பதில் சொல்லிக்கிறா. வெரசா வா, இன்னும் நாளாக்கினா அவ கனத்தை உன் மடி தாங்காது.”