கூட்டத்தைக் கலைக்கும் பாட்டு

ஊசி ஒரு கணம் எகிறி, பாட்டில் பாதி வரியை விழுங்கிவிட்டு மறுபடி இசைத்தட்டில் விழுந்தது.

யாரும் கவனிக்கவில்லை. நூற்றைம்பது பேரும் ஒரே தாளத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள். நட்டநடுவில் என் மகள். அவளுடைய அலுவலக விருந்து அது. எங்கப்பா பழைய காலத்து டிஜே, இசைத்தட்டு வைத்தே பாட்டுப் போடுவார் என்று மேனேஜரிடம் பீற்றிக்கொண்டு என்னை அழைத்து வந்ததும் அவள்தான்.

மேஜையில் உள்ளங்கையை ஊன்றிப் பார்த்தேன். மேஜையில் கோளாறில்லை. அதைத் தாங்கிய தரைதான் ஏறி இறங்கியது. நாங்கள் இருந்தது இரண்டாவது மாடி.



மைக்கில் கத்தினால் அத்தனை பேரும் இருக்கிற ஒரே படிக்கட்டுக்கு ஓடி ஒருவரையொருவர் மிதித்துக்கொள்வார்கள். சட்டென்று பாட்டை நிறுத்தினாலோ, இன்னொன்று வேண்டும் என்று காலால் தரையை உதைப்பார்கள். அது இதைவிட மோசம்.

கூட்டத்தை ஆட வைக்கத்தான் டிஜேவைக் கூப்பிடுகிறார்கள். ஆனால் கூட்டத்தைக் கலைக்கிற பாட்டு ஒன்றும் எங்கள் எல்லோர் பெட்டியிலும் இருக்கும். நல்ல பாட்டுதான், கேட்டால் யாருக்கும் ஆடக் கால் எழாது. அதைத் தேடி எடுக்கிற அவசரத்தில் இரண்டு இசைத்தட்டுகளைக் கீழே போட்டேன்.

ஓடிக்கொண்டிருந்த பாட்டின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இதை உள்ளே நுழைத்தேன்.

குதித்தவர்கள் நின்றார்கள். யாரோ ஊளையிட்டார். பெரியவர் தூங்கிவிட்டாரா என்று ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சிரியுங்கள் மகராசர்களே, சிரித்துக்கொண்டே இறங்குங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். சாப்பாடு கீழேதான் இருந்தது. இரண்டு பேர், ஐந்து பேர் என்று படியிறங்கிப் போனார்கள். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டே போனார்.

கடைசியில் மகள் என்னிடம் வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கிட்டீங்களேப்பா."

ஊசி துள்ளியது என்றேன். 

"நீ முதல்ல கீழ இறங்கும்மா."

அவள் அம்மா ஆடிக்கொண்டிருந்த மாடி இடிந்து விழுந்தது அவளுக்குத் தெரியும். அன்று அங்கே பாட்டுப் போட்டவன் நான்தான் என்பதும் தெரியும்.

அன்றும் ஊசி துள்ளியதுதான் அவளுக்குத் தெரியாது. அன்று அது மறுபடி துள்ளாதிருக்க அதன் தலையில் ஒரு நாணயத்தைப் பாரமாக வைத்துவிட்டு, நான் பாட்டை இன்னும் வேகமாக்கினேன்.