கோட்டையா, திமிங்கலமா?

"கோட்டை மட்டும் வேண்டவே வேண்டாம். வேற எங்க வேணா சொல்லு, வர்றேன்" என்றார் அப்பா, சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டு.

"வேற எங்கன்னா திமிங்கலம்தான் இருக்கு. அங்க நான் வரமாட்டேன்" என்றாள் அம்மா.

ஊரைத் தாண்டியதும் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு பொழுதுபோக்குப் பூங்காக்கள் அவை. வாசலில் சிமென்ட் கோபுரங்கள் இருப்பது கோட்டை. சிமென்ட் மீன் ஒன்று வாயைப் பிளந்துகொண்டிருப்பது திமிங்கலம். இரண்டிலும் ராட்டினம் உண்டு, நீச்சல் குளம் உண்டு, தங்குவதற்கு அறைகளும் உண்டு. ஒருவர் புதிதாகச் சறுக்கு கட்டினால், மற்றவர் அதைவிட ஒரு முழம் உயரமாகக் கட்டாமல் விடமாட்டார்.

இரண்டிலுமே குடும்பத்தோடு இலவசமாகத் தங்குவதற்குக் கூப்பன் கைவசம் இருந்தது. ஆனால் அப்பா அம்மா இருவருக்கும் ஒரே சமயத்தில் லீவு கிடைப்பதுதான் அந்த வீட்டில் குதிரைக்கொம்பு. இந்த முறை அதிசயமாகக் கிடைத்திருந்தது. அதையும் சண்டை போட்டே கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

இவர்களுடைய ஒரே மகளுக்கு வேறு பெயர் இருந்தாலும் வீட்டில் வாலுதான். அவள் ராட்டினமும் கேட்கவில்லை, சறுக்கும் கேட்கவில்லை. குளத்தோரம் மூன்று சாய்வு நாற்காலி. நடுவில் அவள், இரண்டு பக்கமும் அப்பா, அம்மா. ஒரு நாள் முழுக்க யாரும் எழுந்து போகக் கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான்.

அப்பா கோட்டையின் குறைகளை அடுக்கினார். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் போடுகிறார்களாம். தூக்கத்தில்கூட அது காதில் ஓடுகிறதாம். வேர்வை ஆறாய் ஓடுமாம். கூட்டம் வேறு பிடித்துத் தள்ளுமாம். "அங்க போனாலே எனக்கு முதுகுவலி வந்துருது" என்றார்.

அம்மா சும்மா விடுவாளா? திமிங்கலத்தின் வரவேற்பறையில் நின்று நின்றே கால் வீங்கிவிடுமாம். ஏசி ஓடவில்லை, துண்டு ஈரமாக இருக்கிறது என்று கத்துகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

"சிரிச்சு சிரிச்சு தாடையே கழண்டுரும்" என்றாள்.

"சிரிக்காம இரேன்."

"நீங்க சொல்லுவீங்க. உங்க மூஞ்சிய யாரு பாக்கறா?"

அப்பாவின் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. சொல்லியிருக்க வேண்டாம் என்று அம்மாவுக்கும் தோன்றியது. ஆனால் வாயிலிருந்து வந்த வார்த்தையை என்ன செய்வது? தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தாள்.

வாலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் வீட்டிலேயே இருந்து சண்டை போட்டுக்கொள்ளட்டும், தான் பக்கத்து வீட்டுக்குப் போய் விளையாடிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள். அதற்குமேல் அப்பாவால் வீராப்பாக இருக்க முடியவில்லை.

"சரி, கோட்டைக்கே போவோம். ஆனா ஒண்ணு, அங்க யார் வந்து கூப்பிட்டாலும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

"எழுந்தீங்கன்னா நான் பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பிடுவேன்" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் மூன்று நாற்காலிகளையும் பிடித்துவிட்டார்கள். அப்பா தொப்பியை இறக்கிவிட்டு, அதன்மேல் துண்டையும் போட்டு முகத்தை மூடிக்கொண்டார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிப் படுத்தாள். நடுவில் வாலு, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கொஞ்ச நேரம்தான் என்றாலும் மூன்று பேரும் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார்கள்.

டை கட்டிய ஒருவர் நாற்காலி நாற்காலியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்பாவிடம் நின்று, துண்டை மெதுவாக விலக்கி, காதில் ஏதோ சொன்னார். அப்பா முடியாது என்று தலையாட்டினார். அவர் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சே நிமிஷம்" என்று எழுந்து போனவர், வெகுநேரமாகியும் திரும்பவில்லை. அம்மா பெட்டியைத் தூக்கவில்லை. வேறு யாரும் வந்து உட்கார்ந்துவிடாமல் இருக்க, காலி நாற்காலியில் அவருடைய துண்டை விரித்துப் போட்டாள்.

திடீரென்று குழந்தைகளின் கூச்சல் கேட்டது. ஆளுயரக் கரடி ஒன்று தொந்தியைக் குலுக்கி ஆடிக்கொண்டே குளத்தோரம் வந்தது. வாலு நாற்காலியிலிருந்து குதித்து, கூட்டத்தில் புகுந்து, அதன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கரடி அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது. அவள் அதன் பெரிய காதில் வாயை வைத்தாள்.

"ரொம்ப வேர்க்குதாப்பா? அடுத்த லீவுக்குத் திமிங்கலத்துக்கே போயிடலாம். அங்க கவுன்ட்டர்ல அம்மாவ நிக்க வெச்சுடுவாங்க, நீ என்கூட உக்காந்துக்கலாம்."