நம்பர் பிளேட்டின் இரண்டாவது ஸ்குரூ

இரண்டாவது ஸ்குரூவின் தலை தேய்ந்துவிட்டது. கூட்டல் குறி இருந்த இடத்தில் இப்போது வழவழவென்று ஒரு குழி. ஸ்குரூ டிரைவரை வைத்தால் வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றுகிறது.

முதல் ஸ்குரூ சொன்ன பேச்சைக் கேட்டு வந்துவிட்டது. இது பிடிவாதம் பிடித்த சனியன்.

நாளை என் மகள் ஷாமினிக்குப் பதினாறாம் நாள் காரியம். வீடு நிறைய ஆட்கள் வருவார்கள். அதற்குள் அவளுடைய மோட்டார் சைக்கிளிலிருந்து இந்த நம்பர் பிளேட்டைக் கழற்றியாக வேண்டும்.

ஏன் என்று எங்கள் ஊரான லூபோக் சீனாவில் யாரும் கேட்க மாட்டார்கள். எங்கேயாவது வண்டி மோதி உயிர் போனால் நம் ஆட்கள் முதலில் பார்ப்பது நம்பரைத்தான். சாவு விழுந்த வண்டியின் நம்பருக்கு லாட்டரி அடிக்கும் என்று ஒரு நம்பிக்கை.

ஊர் முழுக்கத் தெரிந்த நம்பர்தான். ஆனாலும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு லாட்டரிக் கடையில் எழுதிக் கட்டினால்தான் அடிக்குமாம். இந்த இரண்டு வாரத்தில் இன்னும் அடிக்கவில்லை. அதனால் விட மாட்டேன் என்கிறார்கள்.

போலீஸ் நிலையத்திலிருந்து மோட்டார் வந்ததும் கித்தானைப் போட்டு மூடி வைத்தேன். மூன்றாவது வீட்டுக்காரர் துக்கம் கேட்க வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். போகும்போது செருப்பு மாட்டுவதுபோல் குனிந்து, கித்தானைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார். வெட்கங்கெட்ட ஜென்மம்.

கறுப்புப் பெயிண்ட் அடித்து மறைக்கலாம் என்றும் நினைத்தேன். எழுத்து மேடாக இருக்கிறது. தடவிப் பார்த்தே படித்துவிடுவார்கள்.

உங்களுக்கும் அந்த நம்பரைச் சொல்ல மாட்டேன்.

குருபோங் தொழிற்சாலையில் கூட வேலை செய்த பெண்ணிடம் ஷாமினி இந்த மோட்டாரை வாங்கினாள். இருபது வருடத்துப் பழசு. பொம்பளைப் பிள்ளை இதில் ஏறி ராத்திரி வேலைக்குப் போவதா என்று சண்டை போட்டேன். அவள் கேட்கவில்லை. நான்கு நாள் அது வாசலில் நின்றது. கோபத்தில் நான் அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை வேலை முடிந்து வரும்போது தோட்டத்துச் சாலை வளைவில் விழுந்தாள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அரை மணி நேரம் உயிர் இருந்ததாம். போலீஸ்காரர் சொன்னார். சுற்றிலும் ஆட்கள் நின்றிருக்கிறார்கள். ஆளாளுக்குக் கைப்பேசியில் நம்பரைப் படம் பிடித்திருக்கிறார்கள். ஒருத்தராவது பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் கையைப் பிடித்திருக்கக் கூடாதா?

துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஒரு மணி நேரம் காத்திருந்தேன். சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். குழியில் ரப்பர் பேண்டை வைத்து அழுத்தினேன். ரப்பர்தான் அறுந்தது. கை எரிச்சலில் பொசுக்கென்று அழுகை வந்துவிட்டது. ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்ற வழியில்லாதவன் எதற்கு அப்பன் என்று இருக்கிறேன்.

பக்கத்து வீட்டுச் சின்னத்தம்பி எட்டிப் பார்த்தான். லோரி பட்டறையில் வேலை செய்கிறவன்.

“அண்ணே, அழுத்திப் புடிச்சிகிட்டு மெதுவா திருப்பணும். ஆத்திரத்துல திருகுனா தேஞ்சிதான் போவும்லா. உள்ளுக்குத் துரு ஏறிப் போச்சி, பேசாம பிளேட்டை உடைச்சிடுவோம்.”

என் மனைவி கமலவேணி கதவருகே வந்து நின்றாள். பதினைந்து நாளாக அவள் யாரிடமும் பேசவில்லை.

“உடைக்காதீங்க. உடைஞ்சது போதும்” என்றாள்.

சின்னத்தம்பி வீட்டுக்குப் போய் இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்து வந்தான். ஸ்குரூ தலையின் குறுக்கே ஆழமாக ஒரு கோடு அறுத்தான். தட்டை வாய் ஸ்குரூ டிரைவரை அதில் வைத்து உடம்பு எடை முழுவதையும் அதன்மேல் போட்டான். நான் குறட்டால் தண்டைப் பிடித்துத் திருப்பினேன்.

முதலில் அசையவே இல்லை. பிறகு கிரீச்சென்று ஒரு சத்தம். கால் சுற்று, அரைச் சுற்று, அப்புறம் துருப்பொடி கொட்டக் கொட்டத் தானாகவே வந்தது.

சின்னத்தம்பி என் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினான். பிளேட்டின் பக்கம் அவன் கண் போகவில்லை. அந்த ஒரு மனிதனாவது இருக்கிறானே என்று நினைத்துக்கொண்டேன்.

கமலவேணி பிளேட்டை என்னிடமிருந்து வாங்கினாள். முந்தானையால் சேற்றைத் துடைத்தாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எம் புள்ள உயிருக்குத் துடிக்கிறப்ப நம்பர் பார்த்தவங்க நல்லா இருப்பாங்களா?”

நான் சாமான்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டேன்.

ஷாமினி விழுந்த அன்று காலை நான் அந்த வளைவுக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். நடந்தே போனால் ஐந்து நிமிடம். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் சிவசாமி வந்து உட்கார்ந்தான். வளைவில் யாரோ மோட்டாரோடு விழுந்து கிடப்பதாகவும், கூட்டமாக இருப்பதாகவும் சொன்னான். நம்பரையும் சொன்னான்.

விழுந்தது யார் என்று நான் கேட்கவில்லை. ஆணா பெண்ணா, உயிர் இருக்கிறதா என்றும் கேட்கவில்லை.

நம்பரை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.